உத்திசார் கூட்டணி

உத்திசார் கூட்டணி என்பது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தத்தம் தனித்தன்மையை இழக்காமல், ஒரு குறிப்பிட்ட நோக்கத்தை அடைவதற்காகத் தம்முடைய அறிவையும் திறன்களையும் வளங்களையும் பகிர்ந்துகொள்ளும் நீண்டகால ஏற்பாடு ஆகும். இது வியூகக் கூட்டணி எனவும் வழங்கப்படுகிறது. இலங்கைத் தமிழ் வழக்கில் உத்தி என்னும் பொருளில் மூலோபாயம் என்ற சொல் பயன்படுவதால் மூலோபாயக் கூட்டணி எனவும் எழுதப்படுவதுண்டு.

ஒரு நிறுவனம் தன்னிடம் இல்லாத திறனைப் பெறுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. அத்திறனைத் தானே வளர்த்தெடுக்கலாம். அதை உடைய நிறுவனத்தை விலைக்கு வாங்கலாம். அல்லது அந்நிறுவனத்துடன் கூட்டுச் சேரலாம். முதல் வழிக்குக் காலம் அதிகம் தேவை. இரண்டாவது வழிக்குப் பணம் அதிகம் தேவை. மூன்றாவது வழியில் இரண்டும் குறைவாகவே தேவைப்படுகின்றன. ஆயினும் கூட்டாளி நாளை போட்டியாளராக மாறக்கூடும் என்பதால் அதில் இடர் மிகுதி. கூட்டணிக் காலத்தில் யார் அதிகம் கற்றுக்கொண்டார் என்பதே, கூட்டணி முடிந்த பின்னர் யார் நிலைப்பார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கோட்பாட்டுப் பின்னணி

நிறுவனம் ஏன் இருக்கிறது என்ற கேள்வியை 1937 ஆம் ஆண்டில் ரொனால்டு கோஸ் எழுப்பினார். சந்தையில் ஒவ்வொன்றையும் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு ஆகும் செலவைக் குறைப்பதற்காகவே நிறுவனங்கள் தோன்றுகின்றன என்பது அவருடைய விடை. ஆனால் ஒரே தொழிலில் உள்ள இரு நிறுவனங்களுள் ஒன்று வளர, மற்றொன்று தேங்கி நிற்பது ஏன் என்பதை இவ்விடை விளக்கவில்லை.

அமெரிக்காவில் பிறந்து பிரித்தானியாவில் நீண்ட காலம் பணியாற்றிய பொருளியலாளர் எடித் பென்ரோஸ், 1959 இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். நிறுவனம் என்பது வளங்களின் தொகுப்பு என்றார் அவர். ஒரே வளம் வெவ்வேறு நிறுவனங்களில் வெவ்வேறு பயன்களைத் தரும். அப்பயன் எவ்வளவு என்பது, அதைக் கையாள்பவர்களின் அறிவைப் பொறுத்தது. பணி செய்யும்போதே மேலாளர்களின் அனுபவம் பெருகுகிறது. அதனால் முன்பு ஒரு வேலைக்குத் தேவைப்பட்ட கவனத்தின் ஒரு பகுதி மீதமாகிறது. அம்மீதமே புதிய வளர்ச்சிக்கு அடிப்படையாகிறது. அதே வேளையில், புதிய மேலாளர்களைப் பழக்கி எடுக்கக் காலம் ஆகும். ஆகவே எந்த நிறுவனமும் தன் மேலாண்மைத் திறனை மீறிய வேகத்தில் வளர இயலாது. இவ்வரம்பு பென்ரோஸ் விளைவு எனப்படுகிறது.

பென்ரோசின் கருத்து பின்னர் வளம்சார் நோக்கு என்னும் கோட்பாடாக வளர்ந்தது. இப்பெயரில் பிர்கர் வெர்னர்ஃபெல்ட் 1984 இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜே பார்னி 1991 இல் இதை மேலும் திட்டவட்டமாக்கினார். ஒரு வளம் நிலையான மேம்பாட்டைத் தர வேண்டுமானால், அது மதிப்புடையதாகவும், அரியதாகவும், எளிதில் படியெடுக்க முடியாததாகவும், மாற்று இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய வரையறை. பொறிகளை எவரும் வாங்கலாம். கட்டடங்களை எவரும் கட்டலாம். எனவே இந்நான்கு தகுதிகளும் ஒருங்கே அமைவது பெரும்பாலும் அறிவுக்கும் திறனுக்கும் மட்டுமே.

மையத் திறன்

சி. கே. பிரகலாதும் கேரி ஹேமலும் 1990 இல் எழுதிய கட்டுரையின் வழியாக மையத் திறன் என்னும் கருத்து பரவலாக அறியப்பட்டது. பிரகலாத் 1941 இல் கோயம்புத்தூரில் பிறந்தவர்; சென்னை இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர்; பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கி 2010 இல் காலமானார்.

இவர்கள் பெருநிறுவனத்தை ஒரு மரத்துக்கு ஒப்பிட்டனர். இலைகளும் கனிகளும் சந்தையில் விற்கப்படும் பொருட்கள். கிளைகள் வணிகப் பிரிவுகள். அடிமரம் மையப் பொருட்கள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேர்களே மையத் திறன்கள். எடுத்துக்காட்டாக, ஹோண்டா நிறுவனம் மோட்டார் சைக்கிள், மகிழுந்து, புல்வெட்டும் பொறி, மின்னாக்கி எனப் பலவற்றை விற்கிறது. இவை யாவும் எஞ்சின் வடிவமைப்பு என்னும் ஒரே வேரிலிருந்து வருவன.

இக்கருத்திலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. செலவைக் குறைப்பதற்காக ஒரு பொருளின் முக்கியப் பாகத்தை வெளியாரிடம் வாங்கும் நிறுவனம், காலப்போக்கில் அதை உருவாக்கும் திறனையே இழந்துவிடலாம். கணக்கேட்டில் அவ்விழப்பு எந்த வரியிலும் தென்படாது. அதனாலேயே அது காலம் கடந்த பின்னர் தெரிய வருகிறது.

அறிவின் இரு வகைகள்

கூட்டணியில் பகிரப்படும் அறிவை இரு வகையாகப் பிரிக்கலாம்.

வெளிப்படை அறிவு: வரைபடம், வாய்பாடு, காப்புரிமம், கையேடு, மென்பொருளின் மூல நிரல் போன்ற எழுத்தில் வடிக்கத்தக்க அறிவு. இதை உரிமம் வழங்கி விற்கலாம், அனுப்பலாம், திருடவும் செய்யலாம்.

உள்ளுறை அறிவு: கைப்பழக்கத்திலும், கண் மதிப்பீட்டிலும், குழுவாக இயங்கும் முறையிலும் பொதிந்திருக்கும் அறிவு. மைக்கேல் பொலானி என்னும் அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்தார். மிதிவண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரால், தாம் எவ்வாறு சமநிலை காக்கிறார் என்பதை முழுமையாகச் சொல்லில் விளக்க இயலாது. தொழிலிலும் இத்தகைய அறிவு மிகுதி.

யப்பானிய அறிஞர் இக்குஜிரோ நொனாக்கா, உள்ளுறை அறிவை வெளிப்படை அறிவாக மாற்றுவதில்தான் நிறுவனங்களின் புத்தாக்கம் அடங்கியுள்ளது என வாதிட்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் மட்சுசித்தா நிறுவனத்தின் வீட்டு ரொட்டிப் பொறி புகழ்பெற்றது. பொறி பிசைந்த மாவு சரியாக வரவில்லை. மாவின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்தும் காரணம் பிடிபடவில்லை. முடிவில் மென்பொருள் உருவாக்குநர் ஒருவர், ஒசாக்காவில் உள்ள ஓர் உணவு விடுதியின் தலைமை ரொட்டி வல்லுநரிடம் சென்று பழகினார். அவ்வல்லுநர் மாவை நீட்டும்போதே முறுக்கவும் செய்கிறார் என்பது அப்போதுதான் புலப்பட்டது. அம்முறுக்கு பொறியின் வடிவமைப்பில் சேர்க்கப்பட்டது. அவ்வல்லுநர் அதை எவரிடமும் மறைக்கவில்லை. தாம் செய்வதை அவர் தனியாக எண்ணிப் பார்த்ததும் இல்லை.

உள்ளுறை அறிவு கடிதத்தில் செல்லாது, ஆட்களோடுதான் செல்லும். வெறும் உரிம ஒப்பந்தத்தோடு நில்லாமல் கூட்டு ஆலை அமைப்பதற்கும், பொறியாளர்களைப் பரிமாறிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

உள்வாங்கும் திறன்

கற்பிக்க ஒருவர் முன்வந்தாலும் கற்பவருக்கு அடிப்படை இல்லையெனில் பயன் இல்லை. வெஸ்லி கோகென், டேனியல் லெவிந்தால் ஆகிய இருவரும் 1990 இல் இதற்கு உள்வாங்கும் திறன் எனப் பெயரிட்டனர். வெளியிலுள்ள புதிய அறிவின் மதிப்பை அறிந்து, அதை ஏற்று, வணிகத்தில் பயன்படுத்தும் ஆற்றலே இது. ஒரு நிறுவனம் முன்னரே செய்துள்ள ஆய்வும் உருவாக்கமும் இவ்வாற்றலைத் தருகின்றன. எனவே ஆய்வுப் பிரிவு என்பது புதியன கண்டுபிடிப்பதற்கு மட்டுமன்றி, பிறர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்வதற்கும் தேவைப்படுகிறது. கூட்டாளி இருக்கிறார் என்று எண்ணித் தன் ஆய்வுப் பிரிவை மூடும் நிறுவனம், கூட்டாளியிடமிருந்து கற்கும் வாய்ப்பையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

கூட்டணியின் வடிவங்கள்

பிணைப்பின் அளவைப் பொறுத்து உத்திசார் கூட்டணிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- உரிம ஒப்பந்தம்: ஒருவரின் தொழினுட்பத்தைக் கட்டணம் செலுத்தி மற்றவர் பயன்படுத்துதல். 1990 இல் ஏக்கார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய ஆர்ம் நிறுவனம், சில்லுகளைத் தானே உற்பத்தி செய்யாமல், அவற்றின் வடிவமைப்பை உரிமம் வழங்குவதன் மூலமே வளர்ந்தது.
- கூட்டு ஆய்வு: செலவு மிகுந்த ஆராய்ச்சியைப் பலர் பகிர்ந்து செய்தல்.
- சிறுபான்மைப் பங்கு முதலீடு: ஒருவர் மற்றவரின் பங்குகளில் ஒரு பகுதியை வாங்குதல். சில்லு அச்சிடும் பொறிகளைச் செய்யும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தில், அதன் வாடிக்கையாளர்களான இன்டெல், டிஎஸ்எம்சி, சாம்சங் ஆகியவை 2012 இல் முதலீடு செய்து அதன் ஆய்வுக்கு நிதி அளித்தன.
- கூட்டு நிறுவனம்: இருவரும் பங்கு முதல் இட்டு மூன்றாவதாக ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தல்.

எடுத்துக்காட்டு: நும்மி

கூட்டணியில் கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய மிக அதிகமாக ஆராயப்பட்ட நிறுவனம் நும்மி ஆகும். இது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சும் யப்பானின் டொயோட்டாவும் இணைந்து கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் நடத்திய கூட்டு நிறுவனம்.

ஃபிரீமான்டில் இயங்கிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, மோசமான தரத்துக்கும் தொழிலாளர் பூசலுக்கும் பெயர்பெற்றிருந்தது. முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராதோர் தொகை மிக அதிகம். 1982 இல் அவ்வாலை மூடப்பட்டது. டொயோட்டாவுக்கோ வேறொரு நெருக்கடி. யப்பானிய மகிழுந்துகளின் ஏற்றுமதி 1981 முதல் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஹோண்டாவும் நிசானும் அமெரிக்காவிலேயே உற்பத்தியைத் தொடங்கின. தன் உற்பத்தி முறை அமெரிக்கத் தொழிலாளர்களிடமும், அங்குள்ள தொழிற்சங்கத்திடமும், பாகங்கள் வழங்குவோரிடமும் எடுபடுமா என்பது டொயோட்டாவுக்குத் தெரியவில்லை. சிறிய மகிழுந்தை இலாபத்துடன் செய்வது எப்படி என்பது ஜெனரல் மோட்டார்சுக்குத் தெரியவில்லை. இருவரும் சமபங்கில் இணைந்தனர். 1984 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்தது.

ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம் இருந்தது. மூடப்பட்ட ஆலையில் வேலை செய்தவர்களே பெரும்பாலும் மீண்டும் அமர்த்தப்பட்டனர், தொழிற்சங்கமும் அதுவே. பலர் யப்பானின் தக்காவோக்கா ஆலைக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டனர். பழைய ஆலையில் உற்பத்தி வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். குறையுள்ள வண்டியும் வரிசையில் நகர்ந்துகொண்டே செல்லும்; பின்னர் தனியிடத்தில் பழுது பார்க்கப்படும். புதிய முறையிலோ, குறை கண்ட தொழிலாளி தலைக்கு மேல் உள்ள கயிற்றை இழுத்து உதவி கோரலாம். தீர்வு காணாவிடில் வரிசை நின்றுவிடும். பல பத்துகளாக இருந்த வேலை வகைப்பாடுகள் ஒரு சிலவாகச் சுருக்கப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது, ஆட்குறைப்பு செய்யாமல், தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளித்தும் ஆலையைச் சீர்செய்யும் பணிகளில் ஈடுபடுத்தியும் நிறுவனம் தன் உறுதிமொழியைக் காத்தது. அதன்பின் தொழிலாளர்களின் நம்பிக்கை வலுப்பெற்றது.

மாசசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1980களின் நடுப்பகுதியில் மூன்று ஆலைகளை ஒப்பிட்டனர். ஒரு வண்டியைப் பூட்டுவதற்கு ஜெனரல் மோட்டார்சின் ஃபிரேமிங்காம் ஆலைக்கு 31 மணி நேரமும், டொயோட்டாவின் தக்காவோக்கா ஆலைக்கு 16 மணி நேரமும், நும்மிக்கு 19 மணி நேரமும் ஆயின. நூறு வண்டிகளுக்கான பூட்டுதல் குறைகள் முறையே 135, 45, 45 ஆக இருந்தன. பழைய தொழிலாளர்களைக் கொண்டே யப்பானியத் தரம் எட்டப்பட்டது. குறை தொழிலாளர்களிடம் இல்லை, நடத்தும் முறையிலேயே இருந்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்தின.

இக்கூட்டணியிலிருந்து இரு தரப்பும் பெற்ற பயன் சமமாக அமையவில்லை. டொயோட்டா தான் அறிய விரும்பியதை விரைவில் அறிந்துகொண்டது. 1988 இல் கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் தனக்கே உரிய பெரிய ஆலையில் உற்பத்தியைத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்சும் தன் மேலாளர்களை நும்மிக்கு அனுப்பியது. ஆனால் அவர்கள் திரும்பியபோது ஒரே குழுவாக ஓரிடத்தில் அமர்த்தப்படவில்லை. வெவ்வேறு ஆலைகளில் தனித்தனியே சிதறினர். கயிற்றைத் தொங்கவிடுவது எளிது. கயிறு இழுக்கப்பட்டவுடன் ஓடிவந்து உதவும் பழக்கமும், இழுத்தவரைத் தண்டிக்காத மனப்பாங்கும், பாகத்தில் குறை கண்டால் வடிவமைப்புப் பிரிவே திருத்தித் தரும் ஏற்பாடும் இல்லாத இடத்தில் அக்கயிறு வெறும் கயிறே. கலிபோர்னியாவிலேயே இருந்த வான் நைஸ் ஆலையில் இம்முறையைப் புகுத்தும் முயற்சி தோல்வியுற்றது. அவ்வாலை 1992 இல் மூடப்பட்டது. செருமனியின் ஐசனாக் நகரில் அதே காலத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஓப்பல் ஆலையில் மட்டும், நும்மியில் கற்றவை தொடக்கம் முதலே கடைப்பிடிக்கப்பட்டு நற்பயன் தந்தன.

2009 சூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே மாதத்தில் நும்மியிலிருந்து விலகும் முடிவையும் அறிவித்தது. டொயோட்டா தனித்து நடத்த விரும்பவில்லை. ஏறத்தாழ 80 இலட்சம் வண்டிகளை உருவாக்கிய அவ்வாலையில் 2010 ஏப்ரல் 1 ஆம் நாள் உற்பத்தி நின்றது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தனர். அவர்களுடைய வேலைத் திறனில் எவரும் குறை கூறவில்லை. கூட்டணி தனக்கெனக் கொண்டிருந்த நோக்கம் தீர்ந்துபோயிருந்தது. டெஸ்லா நிறுவனம் அதே ஆண்டில் அவ்வாலையை வாங்கியது.

எடுத்துக்காட்டு: இந்திய இருசக்கர வண்டித் தொழில்

1980களின் தொடக்கத்தில் இந்திய அரசு வெளிநாட்டுத் தொழினுட்ப ஒத்துழைப்புக்கு இடமளித்ததை அடுத்து, யப்பானிய நிறுவனங்கள் இந்திய நிறுவனங்களுடன் கூட்டணி அமைத்தன. அவற்றுள் இரண்டு ஒப்பிடத்தக்கவை.

டிவிஎஸ் குழுமம் ஓசூரில் 1980 முதல் டிவிஎஸ் 50 என்னும் மொப்பெட்டைச் செய்துவந்தது. பின்னர் சுசூக்கியுடன் ஒப்பந்தம் செய்து 1984 இல் 100 சிசி மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. தொழினுட்பம் சுசூக்கியிடமிருந்து வந்தபோதும், மொப்பெட், ஸ்கூட்டி போன்ற வண்டிகளின் வழியாகத் தனக்கென ஒரு வடிவமைப்புப் பிரிவை டிவிஎஸ் தொடர்ந்து பேணியது. 1990களின் இறுதியில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் இருவீச்சு எஞ்சின்களின் காலம் முடிவுக்கு வந்தது. நால்வீச்சு எஞ்சின் கட்டாயத் தேவையானது. 2001 இல் டிவிஎஸ் தானே வடிவமைத்த நால்வீச்சு வண்டியான விக்டரை வெளியிட்டது. அதே ஆண்டில் சுசூக்கி வைத்திருந்த பங்குகளை வாங்கிக் கூட்டணியிலிருந்து பிரிந்தது. 2002 இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசைப் பெற்றது. 2013 இல் பிஎம்டபிள்யூ மோட்டோராட் நிறுவனத்துடன், 500 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்காகப் புதியதொரு கூட்டணியில் இணைந்தது. முதல் கூட்டணியில் மாணவராக நுழைந்த நிறுவனம், இரண்டாவதில் பொறியியலிலும் உற்பத்தியிலும் பங்களிக்கும் கூட்டாளியாக இடம்பெற்றது.

ஹீரோ குழுமமும் ஹோண்டாவும் 1984 இல் ஹீரோ ஹோண்டாவைத் தொடங்கின. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நால்வீச்சு எஞ்சின் ஹோண்டாவுடையது. இந்தியா முழுவதும் பரந்த விற்பனை வலையமைப்பும் பாகங்கள் வழங்குவோரும் ஹீரோவுடையவை. விற்பனை எண்ணிக்கையில் 2001 இல் உலகின் மிகப் பெரிய இருசக்கர வண்டி நிறுவனமாக இது உயர்ந்தது. ஆனால் எஞ்சின் வடிவமைப்பு இறுதிவரை ஹோண்டாவிடமே இருந்தது. ஏற்றுமதியும் ஒரு சில நாடுகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 1999 இல் ஹோண்டா இந்தியாவில் தன் முழு உரிமையுடைய துணை நிறுவனத்தைத் தொடங்கிக் கூட்டாளிக்கே போட்டியாளரானது. 2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது. ஹோண்டாவின் 26 விழுக்காட்டுப் பங்கை ஹீரோ குழுமம் பெற்றது. நிறுவனம் 2011 இல் ஹீரோ மோட்டோகார்ப் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் பின்னரே அது வடிவமைப்புத் திறனைப் பெரிய அளவில் கட்டியெழுப்ப நேர்ந்தது. 2016 இல் செய்ப்பூரில் ஆய்வு மையம் திறக்கப்பட்டது.

இரு நிறுவனங்களும் இன்றும் இயங்கிவருகின்றன. எனவே ஒன்று வென்றது, மற்றது தோற்றது என்று கூற இயலாது. ஒன்று கூட்டணிக் காலத்திலேயே கற்றலுக்கான செலவைச் செய்தது. மற்றது விற்பனையில் வேகமாக வளர்ந்து, அச்செலவைப் பிரிவுக்குப் பின் செய்தது. வேறுபாடு இதுவே.

எடுத்துக்காட்டு: ஐபிஎம் தனி மேசைக் கணினி

1981 ஆகத்தில் வெளிவந்த ஐபிஎம் கணினியை விரைவில் சந்தைக்குக் கொண்டுவரும் நோக்கில், ஐபிஎம் தன் வழக்கத்துக்கு மாறாக முக்கிய உறுப்புகளை வெளியிலிருந்து பெற்றது. நுண்செயலி இன்டெலிடமிருந்தும், இயக்குதளம் மைக்ரோசாப்டிடமிருந்தும் வந்தன. இயக்குதளத்தைப் பிற நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம்முக்கு மட்டும் உரியதாக எஞ்சியிருந்த முக்கியப் பகுதி, கணினியைத் தொடக்கும் பயோஸ் நிரல் ஆகும். காம்பாக் நிறுவனம், மூல நிரலைப் பார்த்தவர்களையும் புதிய நிரலை எழுதுபவர்களையும் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, பதிப்புரிமையை மீறாமல் அதற்கு இணையான நிரலை உருவாக்கியது. 1983 முதல் அதன் ஒத்தியங்கு கணினிகள் விற்பனைக்கு வந்தன, பிறரும் தொடர்ந்தனர்.

இதன்பின் கணினியை யார் பூட்டினாலும் ஆதாயத்தின் பெரும்பகுதி நுண்செயலியையும் இயக்குதளத்தையும் உடையவர்களிடம் சென்றது. ஐபிஎம் தன் தனி மேசைக் கணினிப் பிரிவை 2005 இல் சீனாவின் லெனோவோவுக்கு விற்றது. கூட்டணியால் கிடைத்த வேகம் உண்மை. ஆனால் பொருளின் எந்தப் பகுதி தன்னிடம் இருக்க வேண்டும் என்னும் முடிவு அவ்வேகத்தில் தவறிவிட்டது. டேவிட் டீஸ் 1986 இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நிலையை ஆராய்ந்தார். எளிதில் படியெடுக்கத்தக்க புதுமையில், ஆதாயம் புதுமையாளருக்குப் போகாமல், அதற்குத் தேவையான நிரப்பு வளங்களை வைத்திருப்பவருக்குப் போகும் என்பது அவருடைய முடிவு.

எடுத்துக்காட்டு: ஃபியூஜி செராக்ஸ்

கற்றல் எப்போதும் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு மட்டும் செல்வதில்லை. 1962 இல் ஃபியூஜி ஒளிப்படச் சுருள் நிறுவனமும் ராங்க் செராக்சும் சமபங்கில் தொடங்கிய ஃபியூஜி செராக்ஸ், முதலில் விற்பனை நிறுவனமாகவே கருதப்பட்டது. பின்னர் அது தானே சிறிய நகலெடுக்கும் பொறிகளை வடிவமைக்கத் தொடங்கியது; 1980 இல் டெமிங் பரிசு பெற்றது. யப்பானியப் போட்டியால் தளர்ந்திருந்த அமெரிக்கச் செராக்ஸ், தர மேலாண்மையைத் தன் யப்பானியக் கூட்டு நிறுவனத்திடமிருந்தே 1980களில் கற்றது. 2019 இல் செராக்சிடம் எஞ்சியிருந்த பங்குகளையும் ஃபியூஜிஃபிலிம் வாங்கிக்கொண்டது. 2021 இல் செராக்ஸ் என்னும் சொல் அந்நிறுவனத்தின் பெயரிலிருந்து நீங்கியது.

இடர்களும் காப்புகளும்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து பொதுவான சில கூறுகளைத் தொகுக்கலாம்.

- கூட்டணியில் நுழையும் முன்னரே, எதைக் கற்க வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்பதை நிறுவனம் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.
- கற்கச் சென்றவர்கள் திரும்பும்போது அவர்களைக் குழுவாக வைத்திருக்க வேண்டும். தனியொருவர் கொண்டுவரும் அறிவு பழைய வழக்கத்தில் கரைந்துவிடும்.
- மையத் திறனுக்கு அருகில் உள்ள பணிகளைக் கூட்டாளியிடம் முழுமையாக ஒப்படைத்தல் இடர் மிகுந்தது.
- சந்தை, ஏற்றுமதி, வணிகப் பெயர், காப்புரிமம் ஆகியவை பிரிவின்போது யாருக்கு உரியவை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.
- மறைத்தல் மட்டுமே காப்பு ஆகாது. இருவரும் மறைத்தால் கூட்டணியால் பயனில்லை. ஜெஃப்ரி டயர், ஹர்பீர் சிங் ஆகியோர் 1998 இல் முன்வைத்த உறவுசார் நோக்கின்படி, நம்பிக்கையும் இருவருக்குமான பொது முதலீடும் எந்தத் தனி நிறுவனமும் தனித்து ஈட்ட முடியாத ஆதாயத்தைத் தருகின்றன.

கூட்டணியின் முடிவு

கூட்டணி முடிவுக்கு வருவதைத் தோல்வி எனக் கொள்ளும் வழக்கம் உண்டு. இது எப்போதும் சரியன்று. பல கூட்டணிகள், ஒருவர் மற்றவரிடமிருந்து பெற வேண்டியதைப் பெற்ற பின்னர் இயல்பாகவே கலைகின்றன. எனவே ஒரு கூட்டணியை மதிப்பிட அதன் ஆயுளைக் காட்டிலும், அது முடிந்த நாளில் ஒவ்வொரு தரப்பும் தானாகச் செய்யக்கூடியது எது என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

விமர்சனங்கள்

வளம்சார் நோக்கின் மீது சில விமர்சனங்கள் உள்ளன. வெற்றி பெற்ற நிறுவனத்திடம் மதிப்புள்ள வளம் இருந்தது என்றும், மதிப்புள்ள வளம் என்பது வெற்றி தருவது என்றும் கூறுவது வட்ட வாதம் ஆகும் என்பர். மாறும் சூழலில் பழைய மையத் திறனே தளையாகிவிடலாம் என்று டோரதி லியோனார்டு-பார்ட்டன் 1992 இல் சுட்டிக்காட்டினார். இதற்கு விடையாக டீஸ், பிசானோ, சூயென் ஆகியோர் 1997 இல் இயங்கு திறன்கள் என்னும் கருத்தை முன்வைத்தனர். உள்ள திறன்களை மாற்றியமைக்கும் திறனையே இது குறிக்கிறது. ஒளிப்படச் சுருளின் தேவை 2000 க்குப் பின் வேகமாகச் சரிந்தபோது, ஃபியூஜிஃபிலிம் தன் வேதியியல் அறிவைத் திரவப் படிகத் திரைகளுக்கான மென்படலங்களுக்கும் மருந்துகளுக்கும் ஒப்பனைப் பொருட்களுக்கும் திருப்பி நிலைத்தது. எண்முறை ஒளிப்படக் கருவியை 1975 இலேயே உருவாக்கியிருந்த கோடாக் 2012 சனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது.

மற்றொரு விமர்சனம் தொழிலாளர் தரப்பிலிருந்து வருகிறது. நிறுவனத்தின் அறிவு எனக் கூறப்படுவதில் பெரும்பகுதி அங்கு பணிபுரிவோரின் கையிலும் கண்ணிலும் உள்ளது. கூட்டணி ஒப்பந்தங்களோ அவர்களைக் கலந்துகொள்ளாமலேயே எழுதப்படுகின்றன, முடிக்கவும் படுகின்றன. நும்மித் தொழிலாளர்களின் நிலை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- மையத் திறன்
- அறிவு மேலாண்மை
- கூட்டு நிறுவனம்
- டொயோட்டா உற்பத்தி முறை
- சி. கே. பிரகலாத்
- எடித் பென்ரோஸ்